ஏழாம் எண் துப்பாக்கியில் சிக்கிய கூடு

என் தங்கச்சி துப்பாக்கி பழுது பார்ப்பவள். நான் தையல்காரன். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் எங்கள் இருவரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்ப்பார்கள். "மாத்திச் சொல்லிட்டீங்களோ?" என்று கேட்டவர்களும் உண்டு. மாற்றிச் சொல்லவில்லை. காவலர் பயிற்சி வளாகத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே வேலை. சீருடை, மணல் மூட்டைக்கு உறை, சுடுதளத்தில் இலக்குத் தாள் ஒட்டும் கித்தான் திரை எல்லாம் நான் தைப்பேன். அவள் ஆயுத அறையில் ஆர்மரர். துப்பாக்கிகளுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். துணியில் சாக்பீஸால் அளவு குறிப்பதைத் தவிர வேறு எழுத்து எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் அவளைப் பற்றி ஒரு விஷயத்தை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். முடிந்தவரை அளவு பிசகாமல் சொல்கிறேன்.

முதலில் அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் பதினோரு வயது, எனக்குப் பத்தொன்பது. அப்போதுதான் சின்னதாக ஒரு தையல் கடை போட்டிருந்தேன். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் என் மிஷினைக் காணோம். மேஜைமேல் ஒரு பழைய போர்வை விரித்திருந்தது. அதில் மிஷினின் உறுப்புகள் கழற்றிய வரிசைப்படி இடமிருந்து வலமாகக் கிடந்தன. மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடை ஒன்பது பாக்கி. கையை ஓங்கினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அடிக்கிறதுன்னா அப்புறம் அடிண்ணா. இப்ப அடிச்சா வரிசை கலைஞ்சிடும்."

ஓங்கிய கையோடு நான் நின்றது நின்றபடி. சாயங்காலத்துக்குள் மிஷினை மாட்டிவிட்டாள். ஓடியது, அதுவும் முன்பைவிடச் சத்தம் குறைந்து. ஆனால் உளுந்து அளவில் ஒரு திருகாணி மட்டும் மிஞ்சிவிட்டது. "ஓடுதில்ல, விடு" என்றேன். அவள் விடவில்லை. மூன்று நாள் அதைப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டே அலைந்தாள். நாலாம் நாள் கண்டுபிடித்து அதன் இடத்தில் பொருத்திய பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் திருகாணி. இப்போது நாற்பத்தாறு வயது. இன்னமும் திருகாணிதான்.

ஃபிட்டர் படிப்பில் அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அப்புறம் பரீட்சை எழுதி, எட்டு மாதம் வெளியூரில் ஆர்மரர் பயிற்சி முடித்து இங்கே வந்தாள். முதல் இரண்டு வருஷம் தகுதி பார்க்கிற காலம். அது முடியும்போது எங்கள் மேலதிகாரியான பெரிய ஐயா கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். போடாவிட்டால் இல்லை. அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை என்பதால், ஆளுக்கு ஒரு கண்ணை அவள்மேல் வைத்திருந்தார்கள்.

அதில் பெரிய கண் கிடங்குக்காரருடையது. அவர் தோட்டாக் கிடங்குக்குப் பொறுப்பு. அப்போது ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி. அவள் வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"தையக்காரர் தங்கச்சியாமே! அப்ப இனிமே துப்பாக்கிக்கெல்லாம் ஜாக்கெட் தைச்சுப் போட்டுடுவா."

"உங்களுக்கு எது வேணும்னாலும் சொல்லுங்க சார்" என்றாள் இவள். "வாய்க்கு ஒரு உறை முதல்ல தைச்சுத் தரச் சொல்றேன்."

இரண்டு வருஷமும் இப்படியே போனது. அவர் விடவில்லை, இவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் வருஷ முடிவில் ஆண்டுச் சுடுபயிற்சி வந்தது. பெரிய ஐயா நேரில் வந்து பார்ப்பார், முடிந்ததும் அவள் கோப்பில் கையெழுத்துப் போடுவார் என்று ஏற்பாடு. முந்தின நாள் பயிற்சிக்கு ஒதுக்கிய பதினான்கு துப்பாக்கிகளையும் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நான் ஆயுத அறைக்குப் போனேன். துப்பாக்கிகளுக்கு உறை அளவெடுக்க அடிக்கடி போகிற இடம்தான்.

நீளமான மேஜை. பின்பக்கச் சுவரோரம் துப்பாக்கிகள் ஒன்று முதல் பதினான்கு வரை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் நேராக, மேஜைமேல் அதனதன் போல்ட். தோட்டாவை உள்ளே தள்ளி, பின்னால் தாழ்ப்பாள்போல் பூட்டி, சுட்ட பிறகு காலிக் கூட்டை வெளியே இழுத்துப் போடுகிற எஃகு உருளைக்குத்தான் போல்ட் என்று பெயர். நான் போனபோது, எண்ணெய் டின் வந்திருக்கிறது என்று வாசலிலிருந்து ஆள் கூப்பிட, அவள் எழுந்து போனாள்.

மேஜையில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. அழுக்கு மேஜையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. போல்ட்டுகளை ஓரமாக ஒதுக்கி, பழைய துணியால் நன்றாகத் துடைத்து, திரும்ப எடுத்து வரிசையாக வைத்தேன். இடைவெளிகூட ஒரே அளவு, நாலு விரற்கடை. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, ஒரே கடையில் வாங்கிய கரண்டிகள்போல.

அவள் திரும்பி வந்து, "அடேயப்பா, மேஜையில முகம் பாக்கலாம் போலிருக்கே" என்று சிரித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. பெரிய ஐயா மறுநாள் பத்து மணிக்கு இல்லை, ஏழு மணிக்கே வருகிறார். அவள் டப்பாவை அப்படியே மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்குச் சுடுதளத்தில் பயிற்சி தொடங்கியது. நான் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, கிழிந்த மணல் மூட்டைகளுக்குக் கோணி ஊசியால் வாய் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபது அடி தள்ளிச் சுடுகிறவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். பெரிய ஐயா நாற்காலியில். பக்கத்தில் ஸ்டூல்மேல் பச்சை நிறக் கோப்பு. அது எந்தக் கோப்பு என்று எனக்குத் தெரியும். என் கண் தையலில் பாதி, அதில் பாதி.

எட்டாம் எண் துப்பாக்கியோடு படுத்திருந்த காவலர் முதலிலேயே குரல் கொடுத்தார். "திருகாணி, இந்த போல்ட் இறுக்கமா இருக்கு. மூட மாட்டேங்குது."

"காலையில சாப்பிட்டியா இல்லையா?" என்றார் பக்கத்து ஏழாம் எண்ணில் இருந்த ஏட்டு. எல்லாரும் சிரித்தார்கள். அவள் போய் அழுத்திப் பார்த்தாள். மூடியது. "புது எண்ணெய். கொஞ்ச நேரத்துல இளகிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

ஏட்டு முதல் ஐந்து குண்டைச் சுட்டுவிட்டார். ஆறாவது சுடும்போது சத்தம் மாறியது. மற்ற வெடிகள் பலகையில் அறைகிற மாதிரி இருக்கும். இது முரட்டுத் துணியை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி இருந்தது. ஏட்டு போல்ட்டைப் பின்னால் இழுத்து அடுத்த தோட்டாவைத் தள்ளினார். முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. இன்னொருவராக இருந்தால் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருப்பார். ஏட்டு இருபத்து நாலு வருஷம் சர்வீஸ் பார்த்தவர். துப்பாக்கியை அசைக்காமல் இடது கையை மட்டும் மேலே தூக்கினார். அவர் கன்னத்தில் கரித்தூள் அப்பியிருந்தது. மூக்குக் கண்ணாடியிலும் அப்பியிருந்தது.

"எல்லாரும் நிறுத்துங்க. போல்ட்டைத் திறந்துட்டுக் கையை எடுங்க" என்று கத்தினாள் என் தங்கச்சி. அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. பெரிய ஐயாகூடத் தன் கையை நாற்காலிப் பிடியிலிருந்து எடுத்துவிட்டார்.

அவள் ஏட்டுவின் முகத்தை முதலில் பார்த்தாள். "கண்ணு எரியுதா?"

"இல்லம்மா. கண்ணாடி காப்பாத்திடுச்சு. இதைப் போடு போடுன்னு வீட்டுக்காரி தினமும் திட்டுவா. இனிமே அவகிட்ட நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசறது?" என்றார். சிரித்தார், ஆனால் கை நடுங்கியது.

அப்புறம்தான் துப்பாக்கி. குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினாள். பாதியில் நின்ற தோட்டாவைப் பக்குவமாகப் பின்னால் எடுத்தாள். போல்ட்டையும் உருவி வெளியே வைத்தாள். கீழே புல்லில் குனிந்து தேடி எதையோ எடுத்தாள். பித்தளையில் ஒரு சின்ன மூடிபோல இருந்தது. ஏட்டு சுட்ட தோட்டாவின் அடிப்பாகம். அவ்வளவுதான் வெளியே வந்திருந்தது.

"மிச்சக் கூடு உள்ளதான் இருக்கு சார்" என்று பெரிய ஐயாவிடம் சொன்னாள். "ஒருத்தன் எழுந்திரிக்காம உக்காந்திருக்கான். அதான் அடுத்தவனுக்கு இடமில்ல."

துப்பாக்கியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, நான் தைத்து முடித்த மூட்டைமேல் கிடத்தினாள். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னாள். தோட்டா உட்காருகிற அறைக்குள்ளே, சுவரோடு சுவராக ஒட்டி ஒரு மஞ்சள் வளையம் மின்னியது. எனக்கு அது சட்டைக் கையின் உட்புறம் ஒட்டிக்கொண்ட லைனிங் துணியை ஞாபகப்படுத்தியது. அதைப் பிடித்து இழுக்க நகம் நுழையவும் இடமில்லை.

இதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தாள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு எஃகுத் துண்டு. அதை உடைந்த கூட்டுக்குள் விட்டால், நுனியில் உள்ள உதடு கூட்டின் வாயைத் தாண்டிப் போய்க் கொக்கிபோல் மாட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் போல்ட்டை மூடித் திறந்தால் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். மூடித் திறந்தாள். கருவி மட்டும் வந்தது. இன்னொரு தரம் செய்தாள். மறுபடியும் கருவிதான் வந்தது.

பெரிய ஐயா எழுந்து வந்து நின்றார். கிடங்குக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"முன்னாடி பக்கமா ஒரு கம்பியை விட்டு ரெண்டு தட்டுத் தட்டினா தானா வருது. இதுக்குப் போய் இவ்வளவு பூஜையா?" என்றார் கிடங்குக்காரர்.

"வரும் சார். அதோட உள்ள ஒரு கீறலும் வரும். கூடு போனா வேற கூடு. அறை போனா துப்பாக்கியே போச்சு."

ஒரு சொட்டு எண்ணெயை விளிம்பில் விட்டாள். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வேறொன்றும் செய்யவில்லை. எனக்கு இது தாங்கவில்லை. பதினான்கு பேர் வெயிலில் காத்திருக்கிறார்கள். பெரிய ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். பச்சைக் கோப்பு காற்றில் படபடக்கிறது. இவள் சும்மா நிற்கிறாள். நான் ஒரு மூட்டையை எடுத்து வாய் தைத்து முடித்தேன். அது எனக்குப் பத்து நிமிஷ வேலை. அதுவரை அவள் இமையைத் தவிர எதுவும் அசையவில்லை. ஆளும் சாமானும் அவசரப்படுத்துகிற நேரத்தில் இப்படிச் சும்மா நிற்க எனக்கு வராது. இன்னும் எத்தனை பேருக்கு வரும் என்று தெரியவில்லை.

பிறகு பெட்டியிலிருந்து ஒரு பித்தளைக் கம்பித் தூரிகையை எடுத்தாள். எப்போதும் போடுவதைவிட ஒரு சுற்றுப் பெரியது. குட்டைக் கம்பியில் அதைத் திருகி, பின்பக்கமாக உள்ளே அழுத்தினாள். போகும்போது தூரிகையின் மயிரெல்லாம் பின்னால் சாய்ந்துகொண்டே போயிற்று. கூட்டின் வாயைத் தாண்டியதும் நிறுத்தினாள். "இப்ப வெளிய இழுத்தா இந்த மயிரெல்லாம் நிமிரப் பாக்கும்ணா. நிமிர இடமில்லாம கூட்டைக் கவ்விக்கும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

இழுத்தாள். திருகவுமில்லை, உதறவுமில்லை. நனைந்த துணியில் இறுகிப்போன ஊசியை நான் எடுக்கிற மாதிரி, ஒரே நேர்கோட்டில், ஒரே பலத்தில். அவள் மணிக்கட்டில் ஒரு நரம்பு புடைத்தது. முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் புட்டியின் தக்கை கழன்ற மாதிரி ஒரு சின்னச் சத்தம். தூரிகைமேல் விரலில் மாட்டிய மோதிரம்போல உடைந்த கூடு வந்து நின்றது.

அவள் குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தாள். "கீறல் இல்ல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

பெரிய ஐயா கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கிடங்குக்காரரிடம் திரும்பினார். "தோட்டாவை ஈரத்துல போட்டு வெச்சிருக்கீங்க. இத்துப்போய் உடைஞ்சிருக்கு. இந்தப் பெட்டி முழுக்கத் தள்ளுபடி. உங்க மேல அறிக்கை எழுதப் போறேன்."

"சார், என் கிடங்குல ஈரமா? முப்பத்தோரு வருஷமா…" கிடங்குக்காரர் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

பெரிய ஐயா பச்சைக் கோப்பை எடுத்துப் பிரித்தார். "நல்லா பண்ணினம்மா. நிதானமான கை" என்று சொல்லிப் பேனா மூடியைக் கழற்றினார். பேனா முனைக்கும் தாளுக்கும் நடுவே அரை அங்குலம்தான் இருந்தது. அளந்துதான் சொல்கிறேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் அவள். "அண்ணா, அந்தக் கோணி ஊசியைக் குடு."

கொடுத்தேன். கோணி ஊசியின் நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். ஏட்டு முதலில் சுட்ட ஐந்து காலிக் கூடுகளைப் புல்லிலிருந்து பொறுக்கி வந்து, ஒன்றுக்குள் ஊசியை விட்டு, உள்சுவரில் அடியிலிருந்து மேலாகத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதிலும் தடவினாள். பிறகு ஊசியையும் கூட்டையும் பெரிய ஐயாவிடமே நீட்டினாள்.

"நீங்களே தடவிப் பாருங்க சார். அடியில ஏதாவது தடுக்குதா?"

அவர் தடவினார். "ஏதோ பள்ளம் மாதிரி இருக்கு."

"சுத்தி வர இருக்கும்" என்று வேறொரு காலிக் கூட்டையும் பொறுக்கி வந்து நீட்டினாள். "இது ஒன்பதாம் எண் துப்பாக்கில சுட்டது. அதே பெட்டித் தோட்டா."

அவர் அதையும் தடவினார். "இதுல வழவழன்னு இருக்கே."

"தோட்டா மேல தப்பில்ல சார். இத்துப்போன கூடு கண்ட இடத்துல விரிசல் விடும். இது இழுபட்டு ஒரே வட்டமா அறுந்திருக்கு. தாழ்ப்பாள் சரியாப் பூட்டாத கதவு மாதிரி, போல்ட் ஒரு மயிரிழை தள்ளி நின்னிருக்கு. கூடு பின்னால நீள இடம் கிடைச்சிருக்கு." அவள் ஏழாம் எண் துப்பாக்கியின் போல்ட்டை எடுத்துக் கவிழ்த்தாள். கைப்பிடிக்கு அடியில் எண் பொறித்திருந்தது. எட்டு.

"எட்டாம் எண்ல இருக்கிறது ஏழோடது. அதான் அங்க இறுக்கம். எண்ணெய்னு சொன்னேன், அது என் தப்பு. ஒவ்வொரு போல்ட்டும் அதது துப்பாக்கிக்குன்னே ராவிப் பொருத்தினது சார். பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். மாத்திப் போடக் கூடாது."

எனக்கு நேற்றைய மேஜை ஞாபகம் வந்தது. நாலு விரற்கடை இடைவெளி. ஒரே கடைக் கரண்டிகள்.

"மாத்தினது யாரு?" என்றார் பெரிய ஐயா. பேனா இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

நான் எழுந்து நின்றேன். மடியிலிருந்த மூட்டை விழுந்து மணல் கொட்டியது. "ஐயா, நேத்து அந்த மேஜையைத் துடைச்சு எடுத்து வெச்சது நான். எனக்குத் தெரியாம…"

"மேஜையைத் துடைச்சது அவர்தான் சார்" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல். "நம்பர் பாக்காம மாட்டினது நான். தினமும் பாப்பேன். நேத்து பாக்கல."

அவள் குரலில் அழுகை இல்லை, வீம்பும் இல்லை. தையலில் ஒரு இடம் பிசகினால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி சொன்னாள். தனக்கு எது போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள். பேசாமல் இருந்திருந்தால் போதும். கையெழுத்து விழுந்திருக்கும். அறிக்கை இரண்டு வருஷமாகத் தன்னைச் சீண்டியவர்மேல் போயிருக்கும். பொழுது சாய்ந்ததும் இரண்டு போல்ட்டையும் சத்தமில்லாமல் மாற்றிப் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பதினோரு வயதில் மிஞ்சிய திருகாணியும் அப்படித்தான், யாருக்கும் தெரிந்திருக்காது.

பெரிய ஐயா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"ஒருத்தர் கண்ணு போயிருக்கும்."

"ஆமா சார்."

"இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்."

"சரி சார்."

போல்ட்டுகளை அதனதன் இடத்தில் மாட்டினாள். பதினான்கையும் கவிழ்த்து எண் பார்த்தாள், உரக்கப் படித்துக்கொண்டே. அளவுக் கருவியால் ஏழையும் எட்டையும் சோதித்தாள். "ஏழாம் எண்ணைக் கட்டையில கட்டி, கயிறு போட்டு இழுத்துச் சுட்டுப் பாத்துடறேன்" என்றாள். சுட்டாள். கூட்டை எடுத்து என் ஊசியால் தடவிப் பார்த்துத் தலையசைத்தாள். "சரியா இருக்கு சார். ஆனா ஏட்டுக்கு இன்னிக்கு வேற துப்பாக்கி குடுத்துடலாம்."

"எதுக்கு?" என்றார் ஏட்டு. முகத்தைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "குடும்மா இங்க. இவ்வளவு பேர் பாத்துத் தடவிக் குடுத்த துப்பாக்கி வேற எங்க கிடைக்கும்?"

வாங்கிக்கொண்டு போய் அதே இடத்தில் படுத்தார். கன்னத்தை அதே துப்பாக்கியின் கட்டையில் வைத்தார். ஐந்தும் சுட்டார். ஐந்தும் பலகையில் அறைந்த சத்தம்.

இலக்குத் திரைக்கு ஓட்டை அடைக்கிற தாள் ஒட்டுவதும் என் வேலைதான். போய்ப் பார்த்தேன். முதலில் விழுந்தவற்றை ஏற்கெனவே அடைத்திருந்ததால், புதிதாக விழுந்த ஐந்து ஓட்டையையும் என் உள்ளங்கை ஒன்றாலேயே மூட முடிந்தது. ஏட்டுவின் கை அப்போது நடுங்கவில்லை என்று தெரிந்தது.

அந்த வாரமே மீந்த கித்தானில் பதினான்கு பைகள் தைத்தேன். போல்ட் ஒன்று நுழைகிற அளவு, வாயில் நாடா, முகப்பில் சிவப்பு நூலில் எண். இனிமேல் போல்ட் பையில் இருக்கும் அல்லது துப்பாக்கியில் இருக்கும். மேஜையில் இருக்காது. அவள் வாங்கிப் பார்த்து, "ஆறாம் நம்பர்ல தையல் ஒண்ணு தாண்டியிருக்குண்ணா" என்றாள். தாண்டித்தான் இருந்தது. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து, சொன்ன தேதிக்குப் பெரிய ஐயா வந்தார். கோப்பைக் கேட்கவில்லை. ஆயுத அறைக்குள் போய் ஏழாம் எண் பையின் நாடாவை அவரே அவிழ்த்தார். போல்ட்டைக் கவிழ்த்து எண்ணைப் பார்த்தார். அவளிடமும் காட்டினார். அவளும் பார்த்து, "ஏழு" என்றாள். அந்த மேஜைமேலேயே கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் கிடங்குக்காரர் நின்றிருந்தார். அந்த ஆறு மாதமும் அவர் எங்களிடம் அதிகம் பேசவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. மேஜையில் வரிசையாக இருந்த பைகளைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? ஜாக்கெட் தைச்சுப் போட்டுட்டா பாரு."

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது திருகாணிதான்.